டின் பால் குடிக்காத நாகம்மா

எங்க வீட்டுப் பின்னாடி நாகம்மா குடி வந்துட்டான்னு எங்கம்மா காஜா பெராங் வட்டாரம் முழுக்கச் சொல்லி வச்சிருந்துச்சு. அது நாகம்மா இல்ல. எட்டுக்கால் பூச்சி. சிங்கப்பூருல ரெண்டு வருஷமா பூச்சியும் தவளையும் அறுத்துப் படிக்கிற எனக்கு அதச் சொல்ல வாய் துறுதுறுன்னுச்சு. ஆனா நான் சொன்னா எங்க அண்ணி பெட்டியக் கட்டணும். மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்து லீவு எனக்கு இப்படித்தான் போச்சு.

மொதல்ல வீட்டச் சொல்லிடறேன். மெலாக்காவுல கம்போங் செட்டி ஓரத்துல ஒரு பலகை வீடு, பாதி நாங்க வாடகைக்கு, மீதிப் பாதியில வீட்டுக்காரம்மாவோட பழைய சாமான். வீட்டுக்காரம்மாவ எல்லாரும் பிபிக்னு கூப்புடுவோம். மலாய்க்காரங்களோட கலந்துபோன பழைய செட்டி ஆளு. கும்புடுறது நம்ம சாமிதான், நெத்தியில திருநீறுதான், ஆனா வாயத் தெறந்தா மலாய். தமிழ்ல அதுக்குத் தெரிஞ்சது சாமி பேரும் நாலு சமையல் சாமான் பேரும். சரோங் கெபாயாவக் கட்டிக்கிட்டு நாள் முழுக்கக் கோழிய வெரட்டிக்கிட்டு இருக்கும். எங்க குசினிக்குப் பின்னாடி செம்மண் கரை ஒண்ணு சொவரு மாரி நிக்கும். அதுக்கு மேல பிபிக்கோட வீடும் ரம்புத்தான் தோட்டமும். வெயிலே படாது, எப்பவும் ஈரம், பச்சப் பசேல்னு பாசி.

அந்த வருஷம் எல்லாருக்கும் எல்லாமே மெர்டேக்காதான். அப்பாகிட்ட புது செருப்பு கேட்டா, “மெர்டேக்கா ஆவட்டும்மா.” கூரை ஒழுகுதுன்னு பிபிக்கிட்ட சொன்னா, மெர்டேக்காவுக்கு அப்புறம். சுதந்திரம் வந்தா கூரை தானா அடைச்சுக்கும் போல. எங்கம்மாவும் அதையே புடிச்சுக்கிச்சு. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷம், வீட்டுல தொட்டில் கட்டல. “மெர்டேக்காவுக்குள்ள ஒரு நல்ல சேதி வரலன்னா இவள புக்கிட் ரம்பாய்ல இவ அப்பன் வீட்டுல விட்டுட்டு, பெரியவனுக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான்.” அண்ணி அரிசி களைஞ்சுக்கிட்டு இருக்கும்போது, அது காதுபடவே சொல்லும். வெள்ளக்காரன் நாட்ட விட்டுப் போற தேதியும் எங்க அண்ணி வீட்ட விட்டுப் போற தேதியும் ஒண்ணாப் போச்சு.

அண்ணன் பஸ் கண்டக்டர். பஸ்ஸுல அத்தன பேர அதட்டி உள்ள தள்ளுற ஆளு, வீட்டுல அம்மா முன்னாடி டிக்கெட் எடுக்காதவன் மாரி நிக்கும். நான் வந்த மொத வாரம் சோத்துல கைய வச்சுக்கிட்டே சொன்னேன். “அண்ணே, கோளாறு ரெண்டு பேர்ல யாருகிட்ட வேணும்னாலும் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு நீயும் போகணும்.” அண்ணன் ரசத்தப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அம்மா கையில இருந்த அகப்பை என் முதுகுல விழுந்துச்சு. “பொட்டப்புள்ள பேசற பேச்சாடி இது? இதுக்குத்தான் சிங்கப்பூருக்கு அனுப்புனோமா?” இதுக்கும்தான் அனுப்புனீங்கன்னு சொல்ல வந்தேன். அகப்பை இன்னும் கையிலதான் இருந்துச்சு. சொல்லல.

நாகம்மா விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாள் வெளக்கு வைக்கிற நேரம். குசினி வாசல்ல நின்னு பாக்குறேன், அண்ணி கரையோரம் குந்திக்கிட்டு செம்புல இருந்து பால் ஊத்திக்கிட்டு இருக்கு. பக்கத்துல மஞ்சள், குங்குமம், ஒரு கோழி முட்டை.

“அண்ணி, யாருக்கு விருந்து?”

“சத்தம் போடாத பாப்பா. இங்க புத்து இருக்கு.”

“கண்ணுக்குத் தெரியலையே.”

“கதவு மூடியிருக்குல்ல.” அண்ணி கொரலத் தாழ்த்திக்கிச்சு. “துணி காயப்போட வந்தேன் அன்னிக்கி. பாசி அப்படியே ஒரு மூடி மாரி தெறந்துச்சு. உள்ள கறுப்பா ஒண்ணு என்னையப் பாத்துச்சு. பாத்துட்டு மூடிக்கிச்சு. சுத்தியும் பாரு, யாரோ கோலம் போட்ட மாரி நூலு.”

எனக்குத் தலை முடியெல்லாம் நட்டுக்கிச்சு. பக்தியில இல்ல. கதவு, சுத்தி ஆறேழு நூல், ஈரமான செம்மண் கரை. இத நான் பாடத்துல படிச்சிருக்கேன். அண்ணி உள்ள போனதும் டார்ச்ச எடுத்துக்கிட்டு ஓடுனேன். இருபது காசு அளவுக்கு ஒரு வட்டம், மேல பாசி ஒட்டி, கரையோட கரையா. ஒரு புல்லக் கிள்ளி நூல்ல ஒண்ண லேசா மீட்டுனேன். பட்டுனு மூடி தெறந்து ரெண்டு காலு வந்து புல்லப் புடிச்சு இழுத்துச்சு. நான் ஐயோன்னு பின்னாடி விழுந்து பாவாடையெல்லாம் சேறு. படிச்ச புள்ள!

அப்புறம் பொறுமையா இன்னொரு தடவ மீட்டுனப்ப மேல்முதுகு தெரிஞ்சுச்சு. தகடு தகடா அடுக்குன மாரி இருக்கும். மத்த எட்டுக்கால் பூச்சிக்கெல்லாம் வயிறு மொழுமொழுன்னு இருக்கும், இதுக்கு மட்டும் பழங்காலத்துத் தகடு இன்னும் போகல. எங்க லேப்புல இது ஒரே ஒரு போத்தல்ல, சாராயத்துல ஊறி, பல்லி வத்தல் மாரி கெடக்கும். உசுரோட நான் பாத்ததே இல்ல. அது எங்க குசினிக்குப் பின்னாடி, எங்க பாத்திரம் கழுவுற தண்ணி போற வழியில குடும்பம் நடத்துது.

நெசமாவே குடும்பந்தான். இந்த சாதியில பொண்ணு பொறந்த கரைய விட்டு ரொம்பத் தூரம் போகாது. மண்ணக் கொடஞ்சு, உள்ளுக்குப் பட்டு நூலால பூசி, வாசலுக்கு ஒரு மூடி செஞ்சு, ஒரு ஓரத்த மட்டும் கீல் மாரி நூலால தச்சுக்கும். வளர வளர மூடிய ஓரத்துல ஒட்டுப்போட்டுப் பெருசாக்கிக்கும். வீடு மாத்துறதுங்கற பேச்சே கெடையாது. நூலு எதுக்குன்னா, அந்தப் பக்கம் போற பூச்சி தடுக்கணும். தடுக்குனா உள்ள இருக்கிறவளுக்குச் சேதி போகும். பாஞ்சு வந்து புடிச்சுட்டுத் திரும்பிடுவா. பாயும்போதுகூடப் பின்னங்காலு வாசல்லயேதான் இருக்கும். ஆம்பளதான் வயசு வந்ததும் ஊர் சுத்தக் கெளம்பிடும். பெரிய கதவச் சுத்திச் சட்டைப் பொத்தான் அளவுல, மொளகு அளவுலன்னு குட்டிக் குட்டிக் கதவா இருந்துச்சு. எல்லாம் அவளோட புள்ளைங்க. மழைத் தண்ணி நேரா அடிக்காத, வெயில் காய்ச்சாத, ஈரம் போகாத கரை வேணும் இதுங்களுக்கு. மெலாக்காவுல இதுங்களுக்குத் தோதா அமைஞ்சது எங்க சட்டிபானை கழுவுற எடம்.

உடனே ஒரு ஜாம் போத்தலக் கழுவிக் காய வச்சேன். லீவு முடிஞ்சு பேராசிரியர் மேசையில அத டக்குனு வைக்கிற காட்சியெல்லாம் கண்ணுல ஓடுச்சு.

அதுக்குள்ள அம்மாவுக்கு விஷயம் போயிடுச்சு. நான் நெனச்சேன், திட்டும்னு. அம்மா கையெடுத்துக் கும்புட்டுச்சு! “தேடி வந்துருக்காடி. நம்ம வீட்டத் தேடி வந்துருக்கா.” மறுநாளே முட்டை காணாமப் போச்சு. “நாகம்மா எடுத்துக்கிட்டா!” எடுத்தது பிபிக் வீட்டு நாய். மூஞ்சியில மஞ்சக்கரு ஒட்டியிருந்தத நானே பாத்தேன். ஆனா அன்னியிலருந்து வேற எடம் பாக்கற பேச்சு நின்னுச்சு. உஜோங் பாசிர்ல இருந்து எங்க பெரியம்மா யாரோட ஜாதகத்தையோ தூக்கிக்கிட்டு வந்தப்ப அம்மா, “இப்ப வேணாங்க்கா, புத்துக்குப் பால் ஊத்திக்கிட்டு இருக்கோம்”னு திருப்பி அனுப்பிடுச்சு. அண்ணி அன்னிக்கிக் குசினியில ஏதோ பாட்ட முணுமுணுத்துச்சு. நாலு வருஷத்துல நான் கேட்ட மொதப் பாட்டு.

இப்பப் புரியுதா? அந்தப் பூச்சி பாம்பா இருக்கற வரைக்கும் அண்ணி இந்த வீட்டுல இருக்கலாம்.

சரி, இருந்துட்டுப் போகட்டும்னு நானும் வாய மூடிக்கிட்டேன். ஆனா பால்தான் சனியன். தெனமும் மாட்டுப் பாலுக்கு எங்க போறது? அண்ணி டின் பாலக் கரைச்சு ஊத்த ஆரம்பிச்சுச்சு. இனிப்பு. ரெண்டே நாள்ல கரை முழுக்க எறும்பு வரிசை. நூலெல்லாம் பிசுபிசுன்னு மண்ணோட ஒட்டிக்கிச்சு, பெரிய மூடி சக்கரை காய்ஞ்சு இறுகிப் போச்சு. மொளகு அளவுக் கதவு ஒண்ணு தொறந்து கெடந்துச்சு. உள்ள எறும்புதான் இருந்துச்சு.

இதுக்கு மேல என்னால முடியல. அண்ணியக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன்.

“அண்ணி, இது பாம்பு இல்ல. பூச்சி.”

அண்ணி என்னைய மொறச்சுச்சு. “பூச்சிக்குக் கதவு எதுக்கு?”

“நமக்கு எதுக்கு? அதுக்குத்தான்.”

“கெண்டல் பண்ணாத பாப்பா.”

நான் ஒரு துணிய நனச்சு மூடியோட ஓரத்தக் கொஞ்சம் கொஞ்சமா ஊற வச்சேன். அண்ணி துணியப் புடுங்கி, “நீ முரடு, குடு”ன்னு தானே தொடச்சுச்சு. பொறந்த கொழந்த கண்ணத் தொடைக்கிற மாரி. மூடி எளகுனதும் புல்ல மீட்டுனேன். ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் மூடி ஒரு நூலளவு தூக்குச்சு. ரெண்டு காலு. அப்புறம் மொத்தமா அவ. அண்ணி கத்தல. வாயப் பொத்திக்கிட்டுச்சு.

“இந்தச் சின்னச் சின்னக் கதவெல்லாம்?”

“அதோட புள்ளைங்க.”

அண்ணி தொறந்து கெடந்த அந்த ஒத்தக் கதவையே பாத்துச்சு. “அப்ப நான் ஊத்துன பாலு...”

“தெரியாமத்தான செஞ்சீங்க.”

அண்ணி எழுந்து விடுவிடுன்னு உள்ள போச்சு. அழப் போகுதுன்னு நெனச்சேன். அடுப்புச் சாம்பல மொறத்துல அள்ளிக்கிட்டு வந்து கரைக்குக் கீழ வரி போட்டு எறும்பு வர்ற வழிய அடைச்சுச்சு. போட்டுக்கிட்டே, “அத்தைகிட்ட சொல்லாத. நான் தெனமும் வெறும் செம்பத் தூக்கிட்டு வர்றேன்”னுச்சு. போற போக்குல என் ஜாம் போத்தலப் பாத்துச்சு. “இது எதுக்கு?” சொன்னேன். போத்தல எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அடுத்த நாள் பாத்தா அதுல எலுமிச்சை ஊறுகாய்.

வெறும் செம்பு நாடகம் கொஞ்ச நாள் ஓடுச்சு. அப்புறம் அம்மாவுக்கு ஆசை வந்துடுச்சு. வெள்ளிக்கெழம சுமங்கலிங்களக் கூப்புட்டு, கரைக்கு மஞ்சள் பூசி, பெரிய பானையில மாட்டுப் பாலே ஊத்தறதுன்னு. பானைப் பால் உள்ள போனா எல்லாக் கதவும் காலி. மெதந்து வெளிய வர்றது பாம்பு இல்லன்னு அத்தன பேரும் பாப்பாங்க. அண்ணி கதையும் காலி. நான் அம்மாகிட்ட, பால் அதிகமா ஊத்துனா பாம்புக்கு ஜலதோஷம் புடிக்கும்னுகூடச் சொல்லிப் பாத்தேன். “நீ பாம்புக்கு டாக்டரா?”ன்னுச்சு.

வெள்ளிக்கெழம வந்துச்சு. ஏழெட்டுப் பொம்பளைங்க, பட்டுச் சேலையில, எங்க பாத்திரம் கழுவுற கல்லுக்குப் பக்கத்துல ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட்டு நின்னாங்க. அம்மா பானையத் தூக்குது. அப்பப் பாத்து மேல தோட்டத்துல இருந்து பிபிக் எறங்குது. ஒரு கையில பாராங் கத்தி. இன்னொரு கையில ஆவி பறக்குற கெட்டில்.

யாரோ அதுகிட்ட, உங்க கரையில பாம்பு இருக்கு, அதுக்குத்தான் பூசைன்னு பெருமையாச் சொல்லியிருக்காங்க. நம்மளுக்குப் பாம்புன்னா பால். பிபிக்குக்குப் பாம்புன்னா சுடுதண்ணி.

“உலார்!”னு கத்துச்சு பிபிக். பாம்புன்னு அர்த்தம். “என் பேரப்புள்ளைங்க மேல வெளையாடுதுங்க, நீ கீழ பாம்புக்குப் பால் ஊத்தி வளக்கறியா? நகரு!” எல்லாம் மலாய்லதான்.

அம்மா பானையோட குறுக்க நின்னுச்சு. “நாகம்மா மேல சுடுதண்ணியா? குடும்பம் வெளங்குமா?” இது தமிழ்ல. ரெண்டு பேருக்கும் அடுத்தவங்க சொல்றது பாதிதான் புரியுது, ஆனா சண்டைக்குப் பாதி போதும். பொம்பளைங்கள்ல ஒரு அக்கா, “கெட்டில்ல இருந்து தெறிக்குது, சேலை, சேலை”ன்னு கத்துது. நான் எதச் சொன்னாலும் மாட்டிக்குவேன். பாம்புன்னா சுடுதண்ணி. பாம்பு இல்லன்னா புக்கிட் ரம்பாய்.

அண்ணிதான் நடுவுல போய் நின்னுச்சு. முதுகு கரைப் பக்கம், ரெண்டு கையும் விரிச்சு. எதுத்துப் பேசி நான் பாத்ததே இல்ல.

“ரெண்டையும் கீழ வைங்க.”

யாரும் வைக்கல.

“புக்கான் உலார், பிபிக். லாபா-லாபா.” பாம்பு இல்ல, எட்டுக்கால் பூச்சி. மலாய்ல சொல்லிட்டு அம்மா பக்கம் திரும்பி அதையே தமிழ்லயும் சொல்லுச்சு. அப்புறம் குந்தி, ஒரு புல்லக் கிள்ளி, நூல மீட்டுச்சு. பட்டுனு மூடி தெறந்துச்சு. பொம்பளைங்க கூட்டம் அலறிக்கிட்டுப் பின்னாடி போனதுல கழுவுற கல்லு மேல ரெண்டு பேரு ஏறிட்டாங்க. யாரோ சிரிச்சாங்க. “இதுக்கா நான் பட்டுக் கட்டுனேன்?”

அம்மா சிரிக்கல. “உனக்கு எப்பத் தெரியும்?”

“கொஞ்ச நாளா.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னா பெட்டியக் கட்டச் சொல்லுவீங்களே அத்தே.”

எல்லார் முன்னாடியும். கொரல் ஒசரவே இல்ல, உப்பு பத்தலன்னு சொல்ற மாரி சொல்லுச்சு. கல்லு மேல நின்ன அக்கா மெதுவா எறங்குச்சு. பிபிக் என்னைய இடிச்சு, “என்ன சொல்லுது? என்ன சொல்லுது?”ன்னுச்சு. நான் மலாய்ல சொன்னேன். ஒண்ணையும் விடல. மெர்டேக்கா தேதி, வேற எடம், புக்கிட் ரம்பாய், எல்லாம்.

பிபிக் கெட்டிலக் கீழ வச்சுச்சு. பாராங்க வைக்கல. அம்மாவப் பாத்துச் சொன்னத நான் தமிழ்ல சொல்ல வேண்டியிருந்துச்சு. அந்த மாரி ஒரு வேலைய யாரும் எனக்கு அதுக்கு முந்தி தந்ததில்ல, அவ்வளவு ஆசையாச் செஞ்சேன். “இந்தப் புள்ள காலையில எழுந்து என் கரையச் சேத்துக் கூட்டுது. ஒன்னைய நான் வெளக்கமாத்தோட பாத்ததே இல்ல. இத அனுப்புனீன்னா நீயும் சட்டிபானையத் தூக்கு. வீட்ட இந்தப் பூச்சிக்கு வாடகைக்கு விட்டுடறேன்.”

அம்மா பால் பானையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிடுச்சு. அந்தப் பால்ல அன்னிக்கிப் பாயசம் வச்சு வந்தவங்களுக்குக் குடுத்துச்சு. சும்மா அனுப்பக் கூடாதுல்ல.

ராத்திரிச் சோத்துக்கு அண்ணன் வந்துச்சு. அண்ணிதான் சோத்தப் போட்டுக்கிட்டே சொல்லுச்சு. “பாப்பா சொன்னதுதான். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் போவோம். எம்மேல கோளாறுன்னா நானே புக்கிட் ரம்பாய் பஸ் ஏறிடறேன், நீங்க டிக்கெட் கிழிச்சுக் குடுங்க. ஆனா பாக்காம ஏற மாட்டேன்.” நான் அகப்பை எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டேன். அம்மா கையில அகப்பை இல்ல. சொவத்தப் பாத்து உக்காந்திருந்துச்சு. அண்ணன் கையக் கழுவிட்டு வெளிய போயிடுச்சு.

மெர்டேக்காவும் வந்துச்சு. தெரு முழுக்கக் கொடி, பிபிக் கோழிக்கூண்டுலகூடக் கொடி கட்டியிருந்துச்சு. அப்பா ரேடியோவச் சத்தமா வச்சுட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு ரேடியோ மேல கவனமே இல்ல, அம்மாவயே பாத்துக்கிட்டு இருந்தேன். தேதி இன்னிக்கிதானே. அம்மா காலையில சொல்லல. மத்தியானம் சொல்லல. சாயங்காலம் அண்ணியக் கூப்புட்டுச்சு. நான் ஓடிப் போய் ரேடியோ சத்தத்தக் கொறச்சேன். “நாளைக்கி இட்லிக்கு மாவு ஆட்டல?” அவ்வளவுதான். அண்ணி உளுந்த ஊறப் போட்டுச்சு.

அதுக்கு அடுத்த வாரம் ஒரு காலையில பல்லு வெளக்கப் பின்னாடி போனேன். அண்ணன் கரையோரம் குந்திக்கிட்டு இருக்கு, கண்டக்டர் காக்கி இல்ல, கல்யாணச் சட்டை. கையில ஒரு புல்லு. நூல மீட்டுச்சு. பட்டுனு அவ வந்ததும் அண்ணன் “அம்மாடி!”ன்னு அப்படியே சேத்துல உக்காந்துடுச்சு. எங்க குடும்பமே அப்படித்தான் போல.

“சிரிக்காத” அப்படின்னுச்சு. எழுந்து பின்பக்கத்தத் தட்டிக்கிட்டே கேட்டுச்சு. “அந்த ஆஸ்பத்திரி எத்தன மணிக்குத் தெறக்கும்?”

“எட்டுக்கு. சட்டையக் கழுவிட்டுப் போண்ணே.”

கழுவல, அப்படியேதான் கெளம்புச்சு. சைக்கிள வாசல்ல நிறுத்தி மணிய அடிச்சு அடிச்சு அண்ணியக் கூப்புடுது, அண்ணி வரல. பிபிக்கோட கோழி ஒண்ணு மேல இருந்து எறங்கி வந்து, குட்டிக் கதவுங்க இருக்கற எடமாப் பாத்துக் காலால சீய்க்க ஆரம்பிச்சிருந்துச்சு. அண்ணி நல்ல சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, வெளக்கமாத்தோட அது பின்னாடி ஓடுது. மேல இருந்து பிபிக், “என் கோழி! என் கோழி!”ங்குது. குசினிக்குள்ள இருந்து அம்மா, “நேரமாச்சும்மா, கெளம்பு, அத நான் பாத்துக்கறேன்”ங்குது.

“நீங்க பாக்க மாட்டீங்க அத்தே, எனக்குத் தெரியும்”னு சொல்லிட்டு அண்ணி இன்னொரு சுத்து ஓடுச்சு.